மார்ச்சில் வாங்கிய பெட்டி

ஓகஸ்ட் இருபத்தொன்பதில் பிறந்தவள்.
மூன்று நாள் பிந்தியிருந்தால்
இன்னும் ஒரு வருடம் கையில் இருந்திருக்கும்.
பிந்தவில்லை.
பாடசாலையில் இடம் கிடைத்ததென்று
ஏப்ரலில் மின்னஞ்சல் வந்தது.
வேண்டாம் என்று ஒரு வரி எழுத
எனக்கு ஒன்பது நாள் பிடித்தது.

சஜீபன் சொன்னான்:
"எழுதிறதெண்டால் எழுது.
பிறகு இருந்து அழக்கூடாது."
எழுதினேன். அழவும் இல்லை.
அதற்குப் பிறகுதான் பிடித்தது
இந்தத் தெரிவு செய்கிற வியாதி.

ஒரு பாடத்திட்டக்காரர் மரத்தில் செய்த எழுத்துகளைக்
கப்பலில் அனுப்புவார்கள்;
விலை, எங்கள் இரண்டு மாதக் கரண்ட் காசு.
இன்னொன்று, இந்த வயதில் பென்சிலே ஆகாது,
தினமும் நாலு மணித்தியாலம் வெளியே விடு என்கிறது.
எங்களுடைய வெளியே
டயர்க்கடையின் பின்முற்றம்.
வேறொன்றில்
நோவாவின் பேழையில் ஏறுகிற மிருகங்களை
இரண்டிரண்டாய் எண்ண வேண்டும்.
எண்ணலாம்தான்.
வைரவரின் நாய்க்கு மட்டும் ஏன் சோடி இல்லையென்று
கேட்டுவிடுவாள்.

நூலகத்தில் பக்கத்துக்கு இருபது பென்ஸ் கொடுத்து
மாதிரித் தாள்களை அச்செடுத்தேன்.
எல்லாவற்றிலும் முதல் கேள்வி ஒன்றே:
உங்கள் பிள்ளைக்கு ஏற்கெனவே என்ன தெரியும்?
பதிலுக்கு நாலு கோடு.

தெரியும்:
எந்த வெள்ளிக்கிழமைக்கு எந்த நிறக் குப்பைத்தொட்டி.
கீழே கொம்ப்ரசர் ஓய்ந்தால் மணி ஐந்தரை.
அம்மா தமிழை வேகமாய்ப் பேசினால்
அது காசுக் கதை.
தன் பெயர், விதுர்சிகா.
தமிழில் ஐந்து எழுத்து, ஆங்கிலத்தில் பதினொன்று,
எந்தக் கொப்பியின் பெயர்க் கட்டத்துக்குள்ளும் அடங்காது.
வைத்தது நாங்கள்தான். எண் பார்த்து வைத்தோம்.

இங்கே பிள்ளைகளுக்கு முதல் எழுத்து எஸ்.
பாம்பு மாதிரி வளையும், பாம்பு மாதிரியே சீறும்.
எனக்கு முதல் எழுத்து ட.
கீழே ஒரு கோடு, பிறகு பக்கத்தில் ஒரு கோடு,
கை நோகாது.
பிறகு ப. பிறகு ம.
ஒரு புள்ளி வைக்கப் பழகிவிட்டால்
படமும் வரும், பட்டமும் வரும்.
அகரத்தின் சுழிக்கு அவசரமில்லை.
பாம்பையும் கோட்டையும்
ஒரே செப்டெம்பரில் தொடங்கலாமா?
எந்தத் திட்டத்திலும் அதற்குப் பக்கம் இல்லை.

ஜூலையில் மார்ச்சுக்குப் போனோம்.
மார்ச் ஓர் ஊர்,
பீட்டர்பரோவிலிருந்து ரயிலில் கொஞ்ச நேரம்.
"மாசத்துக்கெல்லாம் ரயில் போகுமா அம்மா?"
பெட்டியில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்டது,
ஒருவருக்கும் விளங்கவில்லை.
கோடு போட்ட கொப்பிபோல
வயல், வாய்க்கால், வயல், வாய்க்கால்.

ரோவீனா என்ற பெண் வாசலிலேயே வைத்துக் கொடுத்தாள்.
முப்பத்தாறு வாரப் பாடம், பாதி விலை.
பென்சிலால் எழுதியதை அழித்துவிட்டேன் என்றாள்.
அவளுக்குப் பின்னால் கொளுக்கியில்
சின்னம் தைத்த பாடசாலைப் பை ஒன்று தொங்கியது.
பார்த்தேன்.
பார்க்காத மாதிரிக் காசை எண்ணிக் கொடுத்தேன்.

திரும்பும் ரயிலில் திறந்தேன்.
அழித்தது அரைகுறை.
நத்தைப் படத்துக்குக் கீழே
நத்தை எப்படிப் போகும் என்ற கேள்வி.
மெதுவாக என்று வரவேண்டிய இடத்தில்
"வீட்டோடு" என்று,
எழுத்துப் பிழையோடு, மங்கலாகக் கிடந்தது.

பதினாலாம் வாரம் வரைக்கும் அழித்த தடம்.
பதினைந்திலிருந்து
தாளில் விரல்கூடப் படவில்லை.

பிள்ளை படுத்த பிறகு
மிச்சத்தை நான் அழித்தேன்.
மேசையெல்லாம் ரப்பர் தூள்.
நத்தைப் பக்கத்தை விட்டுவிட்டேன்.

வேலையால் வந்த சஜீபன்
பெட்டியைப் புரட்டிப் பார்த்தான்.
"அப்ப இதுதான் முடிவோ?"
"பதினாலு வாரத்துக்கு" என்றேன்.
கோப்பையில் சோறு போட்டபடியே
விரல் மடித்து எண்ணினான்.
"நத்தாருக்கு முதலே முடிஞ்சிடும்" என்றான்.